வீடு வரை நேராக வந்த சேவல்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிரேஸ் அக்காவின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிகிறேன். அக்கா எங்கள் ஊர்க்காரர். குவைத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

குளச்சல் பக்கம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. நான்தான் சிறப்புப் பேச்சாளர். தலைப்பு — வாயில்லா ஜீவன்கள். விடுவேனா? தார்க்குச்சியில் ஆணி வைத்து மாட்டைக் குத்திய காலம் போய், இன்று தெருநாய்க்காகவும் கோர்ட்டில் வக்கீல் நிற்கிறார் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினேன். “நம்ம பூட்டனையே அடிமையாக்கி மாட்டுக்கு ஜோடியா ஏர்ல பூட்டின மண்ணு இது. அந்த வலி தெரிஞ்ச நாமதான் முதல்ல இரங்கணும்.”

முன்வரிசையில் கிரேஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஏலம். காணிக்கையாக வரும் தேங்காய், வாழைக்குலை, கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். கொடுத்தவரே திரும்ப எடுப்பதும் உண்டு. ஒரு சிவப்புச் சேவலைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்கள். கிரேஸ் அக்கா ஒரு விலை கேட்டார். நான் கூட்டினேன். அக்காவும் கூட்டினார். சிறப்புப் பேச்சாளர் பின்வாங்கலாமா? கூட்டம் சிரிக்கச் சிரிக்க ஏற்றிக்கொண்டே போனேன்... அக்கா நிறுத்திக்கொண்டார்.

உடனே மனைவிக்கு போன் — “தேங்கா வறுத்து வை.” சேவலின் காலைக் கட்டி ஸ்கூட்டர் ஹேண்டிலில் தொங்கவிட்டேன்.

“மக்கா...” பின்னால் கிரேஸ் அக்கா. “பேசி அழ வச்சுப்போட்டியே. இதக் கொஞ்சம் நேரா பிடிப்பியா? அதுக்கு மூச்சு முட்டும்லா.”

கூனிக் குறுகிப் போனேன். அவசரமாகக் கட்டை அவிழ்த்தேன்.

“உங்க சேவலாக்கா?”

“குஞ்சுல இருந்து என் கையில தின்னு வளந்தது. நேந்துகிட்டேன், குடுத்தாச்சு. ஏலத்துல திரும்ப எடுத்துரலாம்னு பாத்தேன்.”

“நீங்களே கொண்டு போங்கக்கா.”

“ஆண்டவருக்குக் குடுத்தத சும்மா வாங்கினா கொள்ளாது மக்கா, பாவம். நீ பாத்துக்கிடுவே. அப்படிப் பேசினவம்லா.”

துணிப்பையில் தலை வெளியே தெரிகிற மாதிரி உட்காரவைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் மசாலா அரைத்தாகிவிட்டது. மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் மனைவி, “எல்லாரும் பசியோட இருக்காவ” என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அன்று எங்கள் பூட்டனை ஏரில் பூட்டியவர் மட்டும் ராட்சசராகவா இருந்திருப்பார்? விதைக்க நேரமாகிறதே என்று அவருக்கும் ஓர் அவசரம் இருந்திருக்கும். இரக்கத்தை நாளைக்குத் தள்ளிப்போட மனிதனுக்கு எந்தக் காலத்திலும் காரணம் கிடைக்காமல் போனதில்லை.

குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கிரேஸ் அக்கா நான் எழுதும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிப்பவர்.

வீடு வரைக்கும் நேராகத்தான் கொண்டு போனேன், அக்கா...