இரும்புத் தொப்பிக்குள் இருந்த அக்கா

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு ஓடியது. வீடியோ கேம்களில் வரும் நாயகர்களையெல்லாம் பெண்களாகவும், காப்பாற்றப்படக் காத்திருக்கும் பெண்களையெல்லாம் ஆண்களாகவும் மாற்றினால் எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குக் கற்பனை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் பெரிய பள்ளிகளில் படித்தவர்கள். இப்படி ஒன்றை உலகத்திலேயே முதலில் யோசிப்பது தாங்கள்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. நான் டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னேன்: இதை நான் பதினோரு வயதில், டெல்லி முனிர்காவில், ஒரு கடை நிறையப் பையன்களை வைத்துக்கொண்டு செய்து முடித்துவிட்டேன் என்று. சிரித்தார்களே தவிர யாரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஆர்.கே.புரத்தில், அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த குடிசைகளில் ஒன்றில் இருந்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. அப்பா வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். அம்மா குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது அன்றைக்கும் என் தலை தானாக நிமிரும், இன்றைக்கும் நிமிர்கிறது. மாற்றிக்கொள்கிற உத்தேசம் இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, முனிர்காவின் ஒரு சந்தில் கேம் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஓர் அறை. பாலிகா பஜாரில் பழசாக வாங்கிய இரண்டு கேம் பெட்டிகள், இரண்டு டி.வி.கள், தரையில் ஒரு ஜமுக்காளம், சாயங்காலமானால் அதன்மேல் கொள்ளாத அளவுக்குப் பையன்கள். தமிழ்ப் பையன்களுக்கு அவர் மாமா. ஹிந்திப் பையன்களுக்கு, தெற்கத்தி ஆண்கள் எல்லோருமே அவர்களுக்கு அப்படித்தான் என்பதால், அண்ணா. அந்தக் கடைக்குப் பெண் பிள்ளைகள் வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் பலகை மாட்டவில்லை, வருவதில்லை, அவ்வளவுதான். நான் மட்டும் விதிவிலக்கு. அம்மா சாயங்கால வீடுகளை முடித்து வரும்வரை என்னை எங்கேயாவது விட்டுவைக்க வேண்டியிருந்தது. மாமாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம். ரிமோட்டைத் தொடக்கூடாது. விளையாடும் கருவியை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம்.

ரிமோட் பெரும்பாலும் என் பெரியப்பா மகன் கையில் இருக்கும். என்னைவிட மூன்று வயது பெரியவன். இரண்டு வருடம் பள்ளிக்குப் போய்விட்டு நின்றவன். காலையில் பெரியப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போவான், சாயங்காலம் விரலிடுக்கில் சுண்ணாம்போடு கடைக்கு வருவான். விளையாட்டில் அவனை மிஞ்ச முனிர்காவில் ஆள் இல்லை. என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏ ஸ்கூலு" என்பான். ஹிந்திப் பையன்கள் அதைவிட மரியாதையாக "மேடம்" என்று கேலி செய்தார்கள்.

ஒருநாள் மாமா புதிதாக ஒரு கேம் கொண்டுவந்தார். தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்ட ஓர் உருவம், முகத்தையும் மூடும் இரும்புத் தொப்பியோடு, ஒரு பெரிய கோட்டைக்குள் நுழைகிறது. பாதி தூரம்கூடப் போகவில்லை, ஒரு கதவு திறக்க மறுத்தது. பெரியப்பா மகன் வெட்டிப் பார்த்தான், உதைத்துப் பார்த்தான், இரண்டு நாள் கெட்ட வார்த்தை சொல்லியும் பார்த்தான். திரையின் அடியில் ஆங்கிலத்தில் எழுத்து வந்து வந்து போனது. யாரும் அதைப் பார்க்கவே இல்லை. எழுத்து வந்தால் பட்டனைத் தட்டித் தள்ளிவிடுவதுதான் அந்தக் கடையின் பழக்கம்.

"கிணத்துல தண்ணி மொண்டு கல்லு மேல ஊத்தணுமாம்" என்றேன், ஸ்டூலில் இருந்தபடியே.

எல்லாத் தலைகளும் திரும்பின. பெரியப்பா மகன் நம்பாமல் போய் ஊற்றினான். கதவு திறந்தது. அன்றிலிருந்து என் ஸ்டூல் டி.வி.க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"ஏ ஸ்கூலு, யாருடி இவன்? எதுக்கு இந்தக் கோட்டைக்குள்ள பூந்துகினு போறான்? முதல்லேருந்து படி" என்றான் அவன். பிறகு, நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பறம் உனக்கு ரிமோட்டெல்லாம் தரமாட்டேன், ஆமா. இதுல பொண்ணே கிடையாது. வந்தாலும் எங்கியாவது குந்திகினு கத்தும், நாமதான் போயி காப்பாத்தணும்" என்றான்.

திரையில் எழுதியிருந்தது, ராஜாவின் மகளை மீட்கப் போகும் வீரன் என்று. நான் படித்தது அதைத்தான். சொன்னது வேறு.

"உள்ள இருக்கிறது பொண்ணு. அக்கா. அவ தம்பியைக் கோட்டையில அடைச்சு வெச்சிருக்காங்க. அவன் கத்திகினு இருக்கான். இவ போயி காப்பாத்தப் போறா."

"பொண்ணா? இம்மாம் பெரிய கத்தியத் தூக்குறா?"

"உங்கம்மா டேங்கர்லேருந்து ரெண்டு கேனு தண்ணி தூக்கினு வரல?"

கடை சிரித்தது. பெரியம்மா கேன் தூக்கும் அழகை அந்தப் பகுதியில் பார்க்காதவர்கள் இல்லை. அவன் ஆடத் தொடங்கினான்.

முதல் வாரம் நான் தெரிந்தேதான் மாற்றினேன். அதற்குப் பிறகு, மாற்றுகிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. இரும்புத் தொப்பிக்குள் இரட்டைச் சடை மடித்துக் கட்டியிருப்பதுகூட எனக்குத் தெரியும். பையன்களுக்கும் பழகிவிட்டது. அரக்கன் துரத்தினால் "பாகோ தீதி, பாகோ!" என்று, ஓடு அக்கா ஓடு என்று, ஹிந்திப் பையன்கள் எழுந்து நின்று கத்தினார்கள். "அக்கா, பின்னாடி பாரு" என்று எங்கள் பக்கத்துக் குரல்கள். அந்த அக்கா செத்தால் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். முன்பெல்லாம் அந்த மாதிரி உருவங்கள் செத்தால் அடுத்தவன் ரிமோட்டைப் பிடுங்குவான், அவ்வளவுதான்.

ருசி கண்டுவிட்டேன். சமூக அறிவியல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு கடையில் இருந்த எல்லாக் கேம்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். டாக்சியைத் தாறுமாறாக ஓட்டும் ஆளின் இடத்தில் அம்மாவை உட்காரவைத்தேன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஹட்டோ, ஜல்தி!" என்று வழிவிடச் சொல்லி ஜன்னல் வழியாகக் கத்தியபடி அவள் ரிங் ரோட்டில் பறந்தாள். சட்டை கிழிந்த சிப்பாய் பெரியம்மா ஆனாள். கோபுரத்து ஜன்னலில் அழுதுகொண்டு நிற்கும் இளவரசியின் இடத்தில் எங்கள் வகுப்பு லீடரை, கையில் கைக்குட்டையோடு, நிறுத்தினேன். மிகப் பொருத்தமாக இருந்தான்.

கடை இருந்த அறையின் சொந்தக்காரருக்கு ஒரு மகன். வீட்டுக்காரர் மகன் என்பதால் அவன் சத்தம் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஒருநாள் அவன் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். "தீதியா? அரே, லட்கா ஹை" என்றான். ஆண்தான், லாஜ்பத் நகரில் அவன் சித்தப்பா மகன் கடைசிவரை ஆடி முடித்துவிட்டானாம், கடைசியில் தொப்பியைக் கழற்றுமாம்.

கடை இரண்டாகப் பிரிந்தது. அவனே பந்தயத்தையும் வைத்தான். தொப்பிக்குள் பெண் இருந்தால் மேடம் கையில் ரிமோட், வேண்டும் மட்டும் ஆடலாம். ஆண் இருந்தால் மேடம் இனிமேல் இந்தக் கடைக்குள் கால் வைக்கக்கூடாது.

"சரி" என்றேன். சந்தேகமே இல்லாமல்தான் சொன்னேன்.

பெரியப்பா மகன் அவன் பக்கம் சேர்ந்துகொண்டான். "தோத்துட்டு அழக்கூடாது. இஸ்திரி வண்டிக்கு அடியில குந்தி எழுது, போ" என்று பல்லைக் காட்டினான். மாமா டி.வி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சண்டை போட்டீங்க, மெயினை அணைச்சுடுவேன்" என்றார். அதற்குமேல் அவர் தலையிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜமுக்காளத்தில் இடமில்லாமல் வாசல்படிவரை பையன்கள். கடைசி வாசலில் கடைசி அரக்கன். பெரியப்பா மகன் நாலைந்து முறை செத்தான். உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துத் துடைத்து ஆடினான். எழுத்து வந்தது.

"கத்தியைக் கீழே வெக்கணுமாம்."

"பைத்தியமா உனக்கு? கத்திய வெச்சா செத்துடுவா."

செத்துடுவா என்றான். அவன் வாயிலிருந்தே வந்தது. வீட்டுக்காரர் மகனுக்குத் தமிழ் புரியாததால் அது தப்பியது.

"படிச்சதுதான் சொல்றேன். வெய்யி."

வைத்தான். அரக்கன் மண்டியிட்டு ஒதுங்கினான். வாசல் திறந்தது. வெளியே வெயில். இரும்பு உருவம் தனியாக நடந்து வந்து நின்றது. இரண்டு கையும் மெல்ல மேலே போய்த் தொப்பியைப் பிடித்தன. நான் சடை அவிழ்ந்து விழுவதற்காகக் காத்திருந்தேன்.

தாடி. பழுப்பு நிறத்தில், நன்றாக அடர்ந்த தாடி. நீலக்கண். படம் அப்படியே நின்றுவிட்டது. மீட்கப்பட வேண்டிய ராஜா மகளை இரண்டாம் பாகத்துக்கென்று விட்டுவைத்திருந்தார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தது. அன்று அந்த வாசலில் தாடிக்காரன் மட்டும்தான்.

வீட்டுக்காரர் மகன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "தேகா? சலோ மேடம், பாஹர்." பார்த்தாயா, வெளியே போ என்று கை வாசலைக் காட்டியது. நான் பாதி எழுந்துவிட்டேன். ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன்கள் சிரிப்பதற்கு வாயைத் திறந்துவிட்டார்கள்.

"என்னாத்துக்கு எழுந்துக்கறே? உக்காரு" என்றான் பெரியப்பா மகன் என்னிடம், ரிமோட்டைக் கையில் வைத்தபடி. பிறகு வீட்டுக்காரர் மகன் பக்கம் திரும்பினான். "இவன் தம்பிடா."

"கௌன் தம்பி?" யார் தம்பி என்று மற்றவன் கேட்டான்.

பெரியப்பா மகன் ஹிந்திக்கு மாறி, நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னான். தீதி உள்ளே போய்த் தம்பியைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வரமுடியாது. இரும்புச் சட்டையை அவனுக்கு மாட்டி, நீ போ என்று அனுப்பிவிட்டு, அவள் உள்ளே நின்றுவிட்டாள்.

"சபூத்?" என்றான் மற்றவன். அத்தாட்சி எங்கே?

"கத்திய யாரு வெச்சா? அவ வெச்சா. நான்தான் பட்டனை அமுக்கினேன். இவன் கையில கத்தி இருக்கா, பாரு" என்றான், அதையும் ஹிந்தியிலேயே.

எல்லோரும் பார்த்தார்கள். தாடிக்காரன் கையில் கத்தி இல்லைதான். வீட்டுக்காரர் மகன் மாமாவைப் பார்த்தான். மாமா கன்னத்தைச் சொறிந்துகொண்டு திரையை ஒரு தரம் பார்த்தார். ரிமோட் பிடித்தவன் சொன்னால் சரிதான், அதுதானே கடை வழக்கம் என்றார். "ஹாங், தீதி அந்தர் ரஹ் கயீ" என்று முன்வரிசையில் ஒரு பொடியன் மிகவும் கவலையாகச் சொன்னான். அக்கா உள்ளேயே நின்றுவிட்டாளே என்று. அதோடு வழக்கு முடிந்தது.

ரிமோட் என் கைக்கு வந்தது. நான் தயங்காமல் வாங்கிக்கொண்டேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். ஆனாலும் ஆடினேன், கை வலிக்கும்வரை. அந்தக் கடையில் ரிமோட்டைப் பிடித்த முதல் பெண் நான்தான்.

அன்று அம்மா வரத் தாமதமானதால் மாமா என்னை அவனோடு வீட்டுக்கு அனுப்பினார். வெற்றி பெற்றவள் நடக்கிற நடையில் நடந்தேன். அவனுக்குக் கதையே புரியவில்லை என்பதுதான் என் முடிவு. கண்ணெதிரே தாடியைப் பார்த்துவிட்டும் தம்பி என்கிறான், பந்தயத்தில் தானே தன் பக்கத்தைத் தோற்கடித்துக்கொண்டான், அதுவும் தெரியவில்லை. பாவம், படிக்காதவன்.

"அவ உள்ளேயே நின்னுட்டான்னா, அவளை யாரு காப்பாத்துறது? கொஞ்சமாவது யோசிச்சியா?" என்று அதட்டினேன்.

"அதான்" என்றான். "நீ சொல்லேன். கத்தியும் இல்ல, சட்டையும் இல்ல. அப்பறம் இன்னா பண்ணுவா?"

சொன்னேன். கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது என்று தொடங்கினேன். அவள் நகத்தால் தோண்டினாள், அரக்கனுக்கே வேலை வைத்தாள், காவல்காரர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்து ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுத்தாள். அவன் "ம்" மட்டும் கொட்டினான். என்னை ஸ்கூலு என்றுகூடச் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் சுவர் முடியும் இடத்தில் எங்கள் குடிசைகளுக்குத் திரும்ப வேண்டும். அவன் திரும்பாமல் மலை மந்திர் முருகன் கோயில் சாலையில் நேராக நடந்தான்.

"அண்ணா, வழி இந்தப் பக்கம்" என்றேன்.

"தெரியும், நீ சொல்லு" என்றபடி நடந்துகொண்டே இருந்தான்.

பிறந்ததிலிருந்து அதே இடத்தில் வளர்ந்தவன். படிக்காவிட்டால் மனிதனுக்கு வீட்டுக்குப் போகிற வழிகூட மறந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவனோடு நடந்தேன்.