அறுபத்தொரு பெண்களின் சம்மதம்

சென்ற ஆண்டு நவம்பர் பதினான்காம் தேதி, முற்பகல் பதினொன்று இருபது. வாடைக்காற்று, விட்டு விட்டுத் தூறல். சென்னையில் ஒரு கல்லூரியின் கூட்ட அறையில் நான் பொய் சொன்னேன். ஒரே சொல்... "தெரியாது."

முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்கள் இரக்கமும் எனக்கு வேண்டாம்!

மனிதர்களிடம் ஆய்வு செய்யும் மாணவர்கள் முதலில் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெறவேண்டும். குழுவில் வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த வெளியாள் நான். பழவேற்காட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியார்.

தாரணி என்ற மாணவி எங்கள் ஊருக்கு வந்தாள். பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவு ஏரித் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் கைப்புண்கள்தான் அவளுடைய ஆய்வு. அதைக் காட்டி, வாரம் ஒருமுறை மருத்துவர் வரவேண்டும் என்று மனு கொடுக்க இருந்தாள்.

"மொத்தம் நாற்பத்து நான்கு பெண்கள்" என்று கரையில் அவளிடம் சொன்னேன்.

"இல்ல சார், அறுபத்தொண்ணு. நானே கூட இறங்கி எண்ணினேன்."

இறால் பிடிக்கும் கன்னியம்மா விடவில்லை. "இன்னா வாத்தியாரே, கரையில குந்திக்கினே எண்ணினியா? மீதித் தலைங்கள நீர்க்காக்கான்னு நெனச்சிக்கினியா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். எழுபத்து மூன்று வயதில், என் கணக்கைத் திருத்தி ஒரு சிரிப்பு!

அங்கேயே நின்று பார்த்தேன். பெயர் வெளியே வராது, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருத்தியிடமும் தாரணி விளக்கினாள். ஒவ்வொருத்தியும் சரி என்றாள். ஆனால் குழுவின் அனுமதி இன்னும் வரவில்லை. மழை வலுத்தால் ஏரியில் நிற்க முடியாதென்று குழு கூடுவதற்கு ஒன்பது நாள் முன்பே தொடங்கிவிட்டாள்.

அதைத்தான் கூட்டத்தில் எழுப்பினேன். விதிமீறல்தானே? முடிந்தால் இல்லை என்று சொல்லுங்கள்!

தலைவர் என்னைக் கேட்டார்: "நீங்கள் அங்கே இருந்தீர்களாமே. அந்தப் பெண்கள் சம்மதித்துத்தான் பேசினார்களா?"

ஆமாம் என்றிருந்தால் அவளைக் கண்டித்துவிட்டு ஆய்வைக் காப்பாற்றியிருப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்...

பேச்சுப் பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் அழிக்க உத்தரவானது. மனு போகவில்லை. மருத்துவரும் வரவில்லை.

கன்னியம்மா என் வாசலுக்கு வந்தாள், கையில் துணி சுற்றி. "நான்தானே சரின்னு சொன்னேன்? என் வாயி, என் கையி. நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியே... அத்த சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"விதிம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இப்போது அவளுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இடக்கையால் தடவுகிறாள். நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. கேட்பேனா? அவளைப் பார்க்கும்போது இன்றும் அந்தச் சிரிப்புதான் முதலில் காதில் விழுகிறது. விரல்கள் அதற்குப் பிறகுதான் கண்ணில் படுகின்றன.

அன்றைக்கு எனக்கு ஆன செலவு, பேருந்தும் ரயிலும் சேர்த்து, போக வர எழுபத்தாறு ரூபாய். அதையும் கல்லூரி திருப்பிக் கொடுத்துவிட்டது.