மஞ்சள் தடவிய பத்திரிகை

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. மணமக்கள் யாரென்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஏதோ தூரத்து உறவு. நான் அதைப் பத்திரப்படுத்தியிருப்பது பின்பக்கத்துக்காக. அங்கே என் அண்ணியின் கையெழுத்தில், நீல மையில், ‘கீப்’ என்றும் சற்றுத் தள்ளி ‘ப்ராமிஸ்’ என்றும் இருக்கும். அவற்றுக்குக் கீழே நான் சிவப்புப் பேனாவால் எழுதிய ‘பிரேக்’, தாள் கிழியாத குறையாக அடிக்கப்பட்டிருக்கும்.

அண்ணி விராலிமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். அண்ணன் துபாயில். “ரெண்டே வருசந்தான், வந்துருவேன்” என்று போனவர், ஏழு வருடமாக விடுமுறைக்கு வந்து விருந்தாளி மாதிரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர்கள் மகள் செல்போனைப் பார்த்து ‘அப்பா’ சொல்லப் பழகியவள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தால் கணவனையும் பிள்ளையையும் உடன் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அண்ணிக்கு வேறு நினைப்பே இல்லை. “நீ நாலாவது போறதுக்குள்ள நாம மூணு பேரும் ஒரே வீட்டுல இருப்போம்” என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். குறுக்கே நின்றது ஆங்கிலத் தேர்வு. அதிலும் பேச்சுத் தேர்வு. இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறையும் தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று, வேலை தரச் சம்மதித்திருந்த இங்கிலாந்து மருத்துவமனை எழுதிவிட்டது.

இதில் எனக்குத்தான் பெரிய வெட்கம். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. என்னிடம் படித்துவிட்டுப் போன அண்ணி, தேர்வில் நோயாளியாக நடித்தவரிடம் ‘புட் தி டேப்லட்’ என்று சொல்லிவிட்டு வந்தார். நாம் மாத்திரை போடுகிறவர்கள்தானே. “டேக் அண்ணி, டேக்!” என்று தலையில் அடித்துக்கொண்டேன். “ஏன் டேக்கு?” என்றார். “அது அப்படித்தான்” என்றேன். இத்தனை வருட ஆசிரியப் பணியில் என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க ஒரு தம்பதி வந்தார்கள். அவர்கள் எங்களுக்கு என்ன வேண்டும் என்று என் அம்மாவே விழித்தபோது, அண்ணிதான் நொடியில் சொன்னார். அதில் அவர் கெட்டிக்காரி. ஆவூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த ஒரே வருடத்தில், யார் யாருக்குப் பங்காளி, யார் யாருக்கு மாமன் மச்சான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வந்தவர்கள் படியிறங்கியதும் கையில் பத்திரிகையோடு அப்படியே நின்றார்.

“டீச்சரு! இந்த இங்கிலீசும் முறைதான? ‘டூ’வுக்கு ‘ஹோம்வொர்க்’ மாமன் மக. ‘மேக்’குக்கு அவ தங்கச்சி முறை, கட்டக் கூடாது. ஏன்னு கேப்பாகளா? தங்கச்சின்னா தங்கச்சிதான்!”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காரணம் இல்லையே என்று நான் தவித்த இடத்தில், எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதற்குக் காரணமே வேண்டாத ஒரு கணக்கை அவர் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இருந்த பழைய பத்திரிகைகளின் பின்பக்கமெல்லாம் ஆங்கிலச் சம்பந்தங்கள்தான். ‘ஹெவி’க்கு ‘ரெயின்’. ‘ஸ்ட்ராங்’குக்கு ‘டீ’. சாம்பாரைத் தாளித்துக்கொண்டே ஜோடி சேர்த்தோம்.

அப்புறம் ‘மேக்’ வந்து எல்லாவற்றையும் கவிழ்த்தது. மிஸ்டேக், டிசிஷன், ஃப்ரெண்ட்ஸ் என்று நான் அடுக்க அடுக்க அண்ணியின் முகம் சுருங்கியது. “இவனுக்கு எத்தன கல்யாணம்டி!” என்று பேனாவை மூடி வைத்தவர் இரண்டு நாள் பத்திரிகைகளைத் தொடவில்லை. தேர்வுக்கோ பத்து நாள்கூட இல்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து சோர்ந்து வந்தவரிடம், “டீ போடட்டுமா அண்ணி?” என்றேன்.

“இரு இரு. டீ போடுற. மாத்திர போடுற. கோலம் போடுற. சண்ட போடுற. நம்ம ‘போடு’வும் இப்பிடித்தான இருக்கு!” கண் அகலமாகிவிட்டது அவருக்கு. “‘மேக்’கு மாப்புள்ள இல்ல டீச்சரு, பெரிய வீடு. பெரிய வீட்டுக்கு ஊரெல்லாம் சம்பந்தம் இருக்கும்ல?”

டீயை மறந்தோம். ஒரு பத்திரிகைக்கு ஒரு வீடு என்று புதிதாக எழுத ஆரம்பித்தோம். ‘ப்ராமிஸ்’ வீட்டுக்கு, வாக்கைக் காப்பாற்றுகிற ‘கீப்’பை எழுதினார். வாக்கை மீறுகிற ‘பிரேக்’கும் அந்த வீட்டுக்குச் சொந்தம்தான் என்று நான் டீச்சர் புத்தியில் சிவப்பில் சேர்த்தேன். பத்திரிகையை வெடுக்கென்று பிடுங்கி அந்த வார்த்தையை அடித்தார். “இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்.” தேர்வில் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். “வரட்டும். நா அதச் சொல்ல மாட்டேன்” என்றார். அவர் குரலைக் கேட்டு நான் சிரிக்கவில்லை.

திருச்சியில் தேர்வு முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. “கெட்டுச்சு. நடுவுல ஒரு வார்த்த வரல. ‘இதுக்கு என்ன முறை’ன்னு பரீட்ச வச்ச அம்மாகிட்ட தமிழ்லயே கேட்டுட்டேன்.” அப்புறம் வார்த்தை வந்துவிட்டதாம், மீதியும் பேசிவிட்டாராம். ஆனாலும் விராலிமலை வரும்வரை பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முடிவு வந்தபோது ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். என் செல்போனில்தான் பார்த்தேன். அப்படியே அவர் முன் நீட்டினேன். படித்தார். இன்னொரு முறை படித்தார். ரசச் சோற்றுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பரிமாறியவர் பயந்துபோய், “என்னம்மா ஆச்சு?” என்றார். பாஸாகிவிட்டேன் என்று அண்ணி சொல்லவில்லை. மண்டபமே திரும்பிப் பார்க்க, “எங்க வீட்டுக்காரரு வந்துருவாருங்க!” என்று கத்தினார். அன்று நான் கட்டியிருந்த புடவையில் கறை இன்னும் இருக்கிறது. நான் அதைச் சலவைக்குப் போடவே இல்லை.

அண்ணி முதலில் போனார். மகள் மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிய மறுவாரம், அண்ணன் துபாய் வேலையை விட்டு வந்து அவளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். இப்போது என் வகுப்பில் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான் என்று நான் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டுத்தான் பாடத்தையே தொடங்குகிறேன். வகுப்பில் எப்போதும் ஒரே கூச்சல்.

அண்ணனும் மகளும் போய்ச் சேர்ந்த அன்று அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் அண்ணன் குளிருகிறது என்று புலம்புவதும், மகள் சிரிப்பதும் கேட்டன. “டீச்சரு, அந்த ‘ப்ராமிஸ்’ பத்திரிக இருக்கா?” என்றார் அண்ணி. “‘கீப்’புக்குப் பக்கத்துல ஒரு டிக் போடு.”

அதே சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துப் போட்டேன்.