அத்தை விழித்திருந்த தவசுகாலம்

எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, காக்காய் வலிப்பு இருந்தது. ஆவூர் மாதா கோயிலில் எண்ணெய் பூசி, கையில் சாவிக்கொத்தைத் திணித்து, ஊர் சொன்ன வைத்தியமெல்லாம் பார்த்தாயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் திருச்சி டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரைதான் வலிப்பை நிறுத்தியது. அம்மா நன்றிப் பூசை வைத்தாள். எனக்கு மட்டும் அந்த மாத்திரைமேல் அப்படி ஓர் ஆத்திரம். அதை விழுங்கத் தொடங்கியதிலிருந்து அத்தை தூங்கி வழிந்தாள். பாதிப் பேச்சில் கண் சொருகிவிடும். எனக்குப் பாட்டுக் கட்டிப் பாடிய அத்தை எங்கே போனாள் என்று ஏங்கிப்போவேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவசுகாலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஒறுத்தல் வைப்போம். பிடித்த ஒன்றைச் சாமிக்காக விட்டுவிட வேண்டும். அந்த வருஷம் அப்பா சுருட்டை விட்டார், அம்மா காப்பியை விட்டாள், நான் கடலைமிட்டாயை விட்டுவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன். அத்தை எதை விட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் அத்தை தெளிந்துவிட்டாள். அடடா, அந்த நாட்கள்! பூசையில் கோயில்பிள்ளை காணிக்கைத் தட்டேந்தி நடப்பதை அப்படியே நடந்து காட்டுவாள். "சிரிக்காதடி, தவசுகாலம்" என்று என்னை அதட்டிவிட்டு, அவளே முதலில் சிரிப்பாள். என் மிட்டாய்க்குச் சாமி இரங்கிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

குருத்து ஞாயிறு பவனியில் கையிலிருந்த ஓலையோடு விழுந்தாள். ஒரு வலிப்பு அடங்குமுன் அடுத்தது வந்தது. மாட்டுவண்டியில் கீரனூர், அங்கிருந்து காரில் திருச்சி. பிழைப்பாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் கண் விழித்த பிறகு அம்மாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"யாரைக் கேட்டும்மா மாத்திரைய நிறுத்துன?" என்று அப்பா அழுதார்.

"சாமிக்கு ஒறுத்தல் வச்சேண்ணே."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "காப்பிய விடுங்க, கறிய விடுங்க. இதத் திடீர்னு விட்டா உசுரே போயிடும்."

பிறகு, அவ்வளவாகத் தூக்கம் வராத வேறொரு புது மாத்திரைக்கு அவளை மெல்ல மெல்ல மாற்றினார். ஈறு வீங்கும் என்றார், வீங்கத்தான் செய்தது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். பழையபடி யாரையும் நடித்துக் காட்டவில்லை.

ஒறுத்தல் என்று அவள் சொன்னதை எல்லோரையும் போல நானும் நம்பினேன். சாமி பேரைச் சொல்லிக்கொண்டு, நாலு நாளாவது அவளாக இருந்து பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அவள் உயிரையே எடுக்கப் பார்த்த நாட்கள் அவை. அவற்றுக்குத்தான் நான் இன்றும் ஏங்குகிறேன்.