கண்ணாடிக்குள் அம்மா

எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில், படம் கழுவும் மருந்தின் புளித்த நெடி அடித்ததும் சூரமங்கலத்துப் போட்டோக் கடை ஞாபகம் வந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்த அந்தக் கடையை இடித்து வெகுகாலமாகிவிட்டது. கடைக்காரர் மாணிக்கம் கல்யாணப் படங்களோடு நிற்காமல், குழாயடிச் சண்டை, குடைசாய்ந்த மாட்டுவண்டி, சந்தைக்குப் போகும் மேச்சேரி ஆடுகள் என்று ஊரில் கண்டதையெல்லாம் படம்பிடித்து, கடை முகப்பில் கண்ணாடிக்குள் ஒட்டிவைப்பார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள்.

ஒருமுறை அதில் என் அம்மா இருந்தாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ரயில்வேயில் கூட வேலை செய்தவர்கள் சொல்லி விஷயம் தெரிந்த அப்பா, எங்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"ஊட்டுப் பொம்பளையத் தெருவுல ஒட்டி வெச்சுட்டீங்களே, எடுங்க அத!"

மாணிக்கம் கண்ணாடியைத் திறந்து படத்தைப் பிரிக்கத் தொடங்கினார். அதுவரை அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அம்மா, "இருக்கட்டுமுங்க, நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு, ஒரு பக்கம் பிரிந்து தொங்கிய படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நேரா ஒட்டுங்க, கோணலா இருக்குது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.