குவிமாடத்துக்கு வைத்த செங்கல்

சைராகுல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வசந்தத்திலேயே மண் மிதிக்கத் தொடங்கிவிட்டாள். களிமண்ணில் நறுக்கிய வைக்கோலைக் கொட்டி, பனி உருகி வரும் ஓடைத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலால் மிதிக்க வேண்டும். கணவர் தோக்தோசுன் கலவையை அள்ளிச் சுவரில் அறைவார். அவள் உள்ளங்கையால் இழைத்து விடுவாள். கணவாயைப் பார்த்து நிற்கும் மேற்குச் சுவருக்குத்தான் வருஷா வருஷம் இந்தச் சீராட்டல். மற்ற மூன்றும் ஒன்றும் கேட்காது. பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, மகனுக்குக் கலியாணமும் முடித்தாயிற்று. முழங்கால் இரண்டும் வீங்கிப் போன பிறகும் அந்தச் சுவர் அவளை விடவில்லை.

போன குளிர்காலத்தில் தோக்தோசுன் இறந்தார். வசந்தத்தில் சுவருக்குப் பூச்சு விழவில்லை. கோடை மழை அடிப்பக்கத்தை அரித்துக் குழியாக்கியது. மேற்கு அறையில்தான் மருமகள் அய்தா கைக்குழந்தையோடு படுப்பாள். விடிந்தால் சுவர் வியர்த்திருக்கும், குழந்தை இருமும். பனி விழுவதற்குள் வழி பார்க்க வேண்டும்.

ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த மகன் எர்மெக் போனில் சொன்னான்: "பிளாஸ்டிக் பலகை அடிச்சுடலாம்மா. இங்க எல்லாரும் அதான் அடிக்கறாங்க."

"அங்க நம்ம கணவாய்க் காத்து அடிக்குதா? கடைத்தெருவுல ஒருத்தன் அடிச்சான். ரெண்டாவது வருஷம் ஆலங்கட்டி விழுந்து முட்டை ஓடா நொறுங்கிப் போச்சு."

பக்கத்து வீட்டில் மண் சுவர்மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். வெளியே கல்லாக நின்றது. உள்ளே ஈரம் போக வழியில்லாமல் மண் சேறாகி, ஒரு நாள் பூச்சு மொத்தமும் கதவு சாய்வதுபோலச் சாய்ந்தது. தகரம் அடித்தால் காற்றில் கடகடக்கும். இருமுகிற குழந்தை தூக்கத்தையும் இழக்கும். மண் சுவரை ஒட்டாமல், காற்றுப் போக இடைவெளி விட்டு, சுட்ட செங்கல்லால் ஒரு போர்வைச் சுவர் எழுப்பினால் மட்டுமே நிற்கும் என்று அவளுக்குப் பட்டது.

சுட்ட செங்கல் ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னாலேயே அடுக்கியிருந்தது. ஆனால் அது தோக்தோசுனின் கல்லறைக்கு உரியது. அந்தப் பள்ளத்தாக்கில் உயிரோடு இருப்பவர்களுக்கு மண் வீடு, செத்தவர்களுக்குத்தான் சுட்ட செங்கல். கூட்டுப்பண்ணையின் பழைய கிடங்கை இடித்தபோது அவரே வாங்கி வந்து, ஒட்டியிருந்த காரையை ஒவ்வொன்றாகச் சுரண்டி அடுக்கினார். "எங்கப்பாவுக்குக் கட்டின மாதிரி எனக்கும் ஒரு குவிமாடம்" என்று ஊரறியச் சொல்லியும் வைத்தார். ஆண்டு நினைவு விருந்துக்கு முன் அதைக் கட்டி முடிப்பது தம்பி மமிர்பெக்கின் பொறுப்பு.

கணவன் பக்கத்து ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதனால் வந்த நாளிலிருந்தே அவள் மமிர்பெக்குக்கு 'நெட்டையர்' என்று பேர் வைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, செங்கல்லை இப்படி வெறிச்சுப் பாக்கறீங்க? எடுத்துத் தின்னுடுவீங்க போலிருக்கே" என்று கேட்டுக்கொண்டே அவர் வந்தார்.

"உக்காருங்க நெட்டையரே. நின்னுக்கிட்டே கேட்டு விழுந்தீங்கன்னா, உங்க உசரத்துக்கு அடி பலமாப் படும்."

சிரித்தபடி உட்கார்ந்தார். செங்கல்லை மேற்குச் சுவருக்கு எடுக்கப் போவதை அவள் சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை.

"அது அண்ணனோடது அண்ணி."

"தெரியும்."

"அப்ப அவருக்கு மண்ணுல கட்டறதா? புருஷன் செத்ததும் அவன் வீட்டையே பிடுங்கித் தன் வீட்டுல ஒட்டிக்கிட்டாளேன்னு ஊர் பேசாது?"

"பேசும். முதல் குரல் உங்களோடதா இருக்கும்."

மமிர்பெக் முன்னால் வைத்த ரொட்டியைக் கிள்ளக்கூடச் செய்யாமல் எழுந்து போனார்.

அன்று மாலை அய்தா மெல்லக் கேட்டாள். "அத்தை, கடைசியில மாமா மனசு மாறிட்டார்னு சொல்லிடுங்களேன். கூட இருந்தது நீங்க ஒருத்தர்தானே? யார் இல்லைங்கப் போறா?"

சைராகுல் கையிலிருந்த மாவைப் பிசைவதை நிறுத்தினாள். அவர் கடைசியாகப் படுத்திருந்ததும் அந்த மேற்கு அறையில்தான். நனைந்த சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வேணாம்மா. செத்தவர் வாயில நம்ம பேச்சைத் திணிக்கக் கூடாது. எடுக்கறது நான்னா, நான்னே இருக்கட்டும்."

கொத்தனார் வந்தார். சுவர் எழுந்தது. கல்லறைக்கு மண் கல்லில் நாலு பக்கமும் மதில் எழுப்பி, பூச்சை அவளே பூசினாள்.

நினைவு விருந்தன்று முற்றம் நிறைய ஆட்கள். முல்லா ஓதி முடித்ததும் மமிர்பெக் எழுந்தார்.

"எங்கண்ணன் மண் மதிலுக்குள்ள கிடக்கார். அவர் ஆசைப்பட்டுச் சேத்த செங்கல் அதோ, அந்தச் சுவத்துல நிக்குது. எல்லாரும் பாத்துட்டுப் போங்க."

பெரியவர்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். சைராகுல் அகப்பையோடு கொப்பரைப் பக்கத்திலிருந்து வந்தாள்.

"ஆமாம். குவிமாடம்தான் கேட்டார். கடைசி வரைக்கும் மாத்திச் சொல்லலை. எடுத்தது நான். அங்க போய் அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

வயசு வரிசைப்படி எலும்புக் கறி பங்கிட்டபோது மமிர்பெக்கின் பங்கு கேட்பாரற்று இருந்தது. அவர் போய்விட்டிருந்தார். சைராகுல் அதைத் துணியில் கட்டி அய்தாவிடம் கொடுத்தனுப்பினாள்.

"வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டார் அத்தை. பேசவே இல்லை. நான் திரும்பறப்ப மட்டும், 'செங்கல் சுவத்து உச்சிக்குத் தகரம் போட்டாச்சா? பனி உருகி இடுக்குல எறங்கினா எல்லாம் வீண்'னார். இல்லைன்னேன். 'உங்க அத்தை அந்த முழங்காலோட ஏணி ஏறிடப் போறாங்க. நான் வரேன். டீ கீ வேணாம்'னார்."

மறுநாள் வந்தார். மதியம் வரை ஆணி அடித்தார். அண்ணி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. சைராகுலும் தேநீர் கொண்டு போகவில்லை. மீதித் தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கல்லறைக்குப் போனபோது, அந்த மண் மதிலின் உச்சியில், மழை வரும் பக்கமாக, அந்த மீதித் தகரம் அடித்திருந்தது.