மாமி கத்தட்டும் என்று வெளியே போனேன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2003 குளிர்காலம். என் மனைவியின் தாய், லாசால் என்ற நகர்ப்பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் புற்றுநோயோடு படுத்திருந்தார். இடுப்பெலும்புவரை பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்து நோவைக் குறைப்பதுதான் வழி என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனைவிக்குப் பகலில் வேலை. எனக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மாலை வேலை. அதனால் பகலில் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மோர்பின் கொடுப்பது என் பொறுப்பு.

மாமியும் மருமகனும் எங்கள் சனத்தில் அதிகம் கதைப்பதில்லை. நானோ யாரோடும் கதைக்காதவன். "உன்ரை மனிசனும் நானும் இருக்கிற வீட்டிலை ரேடியோதான் கதைக்கோணும்" என்று மாமி மகளிடம் பகிடி விடுவார். நான் அறைக்குள் போனால், அந்த நிலையிலும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நேராகப் படுக்கப் பார்ப்பார்.

"நோகுதோ மாமி?"

"இல்லைத் தம்பி. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

செவ்வாய்க்கிழமைகளில் தாதி வருவார். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் படங்கள் உள்ள ஒரு அட்டையை நீட்டுவார். மாமி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, சிரிக்கிற முகமொன்றில் விரலை வைப்பார். தாதி என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். மருந்து அதே அளவில் நின்றது.

ஒருநாள் பால் வாங்க மூலை டெப்பனர் கடைக்கு வெளிக்கிட்டு, காசுப்பையை மறந்து பாதியில் திரும்பினேன். படி ஏறும்போதே கேட்டது. "ஐயோ என்ரை அம்மா, என்னைக் கொண்டு போ." கதவில் திறப்பைப் போட்டதும் சத்தம் நின்றது. தலையணை உறையின் ஒரு மூலை கடிபட்டு ஈரமாக இருந்தது.

"என்ன தம்பி, கெதியா வந்திட்டியள்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். மருந்தைக் கொடுத்துவிட்டு வெளியே போவேன். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், பிறத்தியாருடைய உடுப்புகள் சுற்றுவதைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் நிற்பேன். மேலே அவர் மனம்விட்டுக் கத்தட்டும் என்று. அதை மரியாதை என்று நினைத்தேன். தாதி வந்தபோது மறுபடியும் தலையாட்டினேன். மாமியை அவர் முன்னாலேயே பொய்க்காரி ஆக்க எனக்கு வாய் வரவில்லை. இப்படி மூன்று செவ்வாய்கள் போயின.

நாலாவது செவ்வாய், தாதி இறங்கிப் போகையில் ஓடிப்போய்ப் படியில் மறித்தேன். "மல். பொக்கூ மல்" என்றேன். சரியான நோ என்று சொல்ல எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். எப்போதிருந்து என்று கேட்டார். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது.

இன்றைக்கு என்று சொன்னேன்.

அன்று பின்னேரமே மருந்தின் அளவைக் கூட்டினார்கள். மாமியின் நெற்றிச் சுருக்கம் விட்டது. வாய் திறந்தபடி தூங்கினார். அதற்குப் பிறகு பதினொரு நாள்தான் இருந்தார்.

செத்தவீட்டுக்கு வந்த சனத்திடம் மனைவி சொன்னாள்: "கடைசியிலைதான் நோ கூடினது. அதுவரைக்கும் அம்மா ஒரு சத்தம் போடேல்லை. இவரைக் கேளுங்கோவன், பகல் முழுக்க இவர்தானே பக்கத்திலை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம்" என்றேன்.

அவள் இன்னும் அதையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாய் நோகாமல் கிடந்தார் என்பதுதான் அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல். அதை எடுத்துவிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

2007 மாசி 20.